உயிர் காக்கும் பத்துப் பொருத்தம்

கலியாணம் பேசும்போது பத்துப் பொருத்தம் பார்ப்பது எம்மவர் மரபு. மருத்துவ உலகிலும் அவ்வாறானதொரு பத்துப் பொருத்தம் உண்டு என்பதை எம்மிற் பலர் அறியார். அங்கே சாதகக் குறிப்புமில்லை, சோதிடரும் இல்லை. குருதிப் புற்றுநோயினால் உயிருக்குப் போராடும் ஒருவருக்கும், அவரை ஒருநாளும் கண்டிராத இன்னொருவருக்கும் இடையே பார்க்கப்படும் பொருத்தம் அது. பத்துக்குப் பத்தும் பொருந்தினால் பிழைக்கும் வாய்ப்புப் பெருகும். பொருத்தம் குறையக் குறைய ஆபத்துக் கூடும்.

இந்தப் பொருத்தம் எல்லோருக்கும் சமமாகக் கிடைப்பதில்லை. பிரித்தானியாவின் கொடையாளர் பதிவேட்டை நடத்தும் அன்ரனி நோலன் அமைப்பின் கணக்கின்படி, ஐரோப்பிய வெள்ளையின நோயாளிகளில் 72 சதவீதமானோர் தமக்கு மிகச் சிறந்த பொருத்தமுடைய வெளிக் கொடையாளர் ஒருவரைக் கண்டடைகின்றனர். சிறுபான்மை இனத்தவரிடையே இவ்வாறு கண்டடைவோர் 37 சதவீதமானோர் மட்டுமே. ஒரே நகரம், ஒரே வைத்தியசாலை, ஒரே மருந்து. ஆயினும் ஒருவருக்குக் கிடைக்கும் வாய்ப்பு மற்றவருக்குப் பாதியாகக் குறைந்துவிடுகின்றது. இதற்கு வைத்தியரின் பாரபட்சம் காரணமன்று. எமது உடலின் அமைப்பும், பதிவேட்டில் எம்மவரின் பெயர்கள் அருகியிருப்பதுமே காரணங்கள். முதலாவதை எவராலும் மாற்ற இயலாது. இரண்டாவதை மாற்றுவது எமது கைகளிலேயே உள்ளது.

மச்சையில் பிறக்கும் குருதி

எமது எலும்புகளின் உள்ளே இருக்கும் மென்மையான பகுதி என்பு மச்சை எனப்படும். செங்குழியங்கள், வெண்குழியங்கள், குருதிச் சிறுதட்டுகள் ஆகிய யாவும் அங்குள்ள மூலக்கலங்களிலிருந்தே பிறக்கின்றன. லியூக்கேமியா என்னும் வெண்குருதிப் புற்றுநோயின்போது முதிர்ச்சியடையாத வெண்குழியங்கள் கட்டுப்பாடின்றிப் பெருகி, மச்சையை அடைத்துவிடுகின்றன. நல்ல குழியங்கள் பிறப்பதற்கு இடமில்லாமற் போகின்றது. நோயாளி சோகையுறுகிறார், சிறு தொற்றும் பெருநோயாகின்றது, காயம்பட்டால் குருதி நிற்க மறுக்கின்றது.

மருந்துகளால் மட்டுமே குணமடைவோர் பலர். ஆனால் நோய் மீண்டும் தலைதூக்கும் நிலையிலும், தொடக்கத்திலேயே கடுமையாக அமைந்த நிலையிலும், பழுதடைந்த மச்சையை அழித்துவிட்டுப் பிறரொருவரின் நல்ல மூலக்கலங்களை அதனிடத்தில் வைப்பதே வழியாகின்றது. பெயரைக் கேட்டவுடன் பெரியதொரு சத்திரசிகிச்சையை எண்ணிப் பலர் அஞ்சுவர். உண்மையில் நோயாளிக்கு இது குருதி ஏற்றுவதைப் போன்றதே. நாளத்தின் வழியே செலுத்தப்படும் மூலக்கலங்கள் தாமாகவே வழி தேடி எலும்பினுள் சென்று குடியேறுகின்றன. கடினமானவை அதற்கு முந்திய கிழமையும் பிந்திய மாதங்களுமே.

அமெரிக்க வைத்தியரான டொனல் தோமஸ் 1950களில் ஒத்த இரட்டையரிடையே இந்தச் சிகிச்சையைத் தொடங்கினார். அப்பணிக்காக 1990 இல் அவருக்கு நோபல் பரிசு வழங்கப்பட்டது. ஆனால் ஒத்த இரட்டையருடன் பிறப்போர் எத்தனை பேர்? ஏனையோருக்கு என்ன வழி என்ற வினாவே இழையப் பொருத்தம் பற்றிய ஆராய்ச்சியை முன்னே தள்ளியது.

தன்னது எது, பிறரது எது

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் தீக்காயமடைந்தோருக்குப் பிறரது தோலை ஒட்டியபோது அது சில நாட்களிலேயே உதிர்ந்து போவதைக் கண்டு, அதன் காரணத்தை ஆராய்ந்தவர் பீற்றர் மெடவார். பின்னர் இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் பேராசிரியராக விளங்கிய அவருக்கு 1960 இல் நோபல் பரிசு கிடைத்தது. தோல் உதிர்ந்தது தற்செயலன்று, உடலின் நிர்ப்பீடனமே அதனை எதிரியென இனங்கண்டு தாக்கியது என்பது அவரது ஆய்வின் சாரம்.

உடல் எவ்வாறு எதிரியை இனங்காண்கின்றது? எமது கலங்களின் மேற்பரப்பில் அடையாள அட்டை போன்ற புரதங்கள் உள்ளன. இவற்றையே எச்.எல்.ஏ. என்று மருத்துவர் அழைப்பர். இவற்றுள் முதலாவதைப் பிரெஞ்சு வைத்தியரான ஜோன் டோசே 1958 இல் கண்டறிந்தார். கலத்தின் உள்ளே நடப்பவற்றின் சிறு மாதிரிகளை வெளியே எடுத்துக் காட்டுவது இப்புரதங்களின் தொழில். ரி கலங்கள் எனப்படும் ஒருவகை வெண்குழியங்கள் காவலரைப்போல ஊர்ந்து திரிந்து ஒவ்வொரு கலத்தின் அட்டையையும் பார்வையிடுகின்றன. வைரசு புகுந்த கலம் அகப்பட்டால் அழிக்கின்றன. அட்டையே அந்நியமானதாக இருப்பின் அதனையும் அழிக்கின்றன.

இந்த அட்டையை எழுதும் பரம்பரையலகுகள் ஆறாவது நிறமூர்த்தத்தில் அருகருகே அமைந்துள்ளன. அவற்றுள் ஐந்து இடங்களை வைத்தியர்கள் முக்கியமாகப் பார்க்கின்றனர். ஒவ்வோர் இடத்திற்கும் தாய்வழியாக ஒன்று, தந்தைவழியாக ஒன்று. ஆக மொத்தம் பத்து. இதுவே முன்னர் குறிப்பிட்ட பத்துப் பொருத்தம். ஓ, ஏ, பி என்னும் குருதி வகைக்கும் இதற்கும் தொடர்பில்லை. குருதி வகை வேறாக இருப்பினும் மூலக்கலம் வழங்கலாம். சிகிச்சைக்குப் பின்னர் நோயாளியின் குருதி வகை கொடையாளரின் வகையாகவே மாறிவிடுவதும் உண்டு.

இவற்றின் பன்முகத் தன்மை வியப்பூட்டுவது. உலகெங்கும் கண்டறியப்பட்ட எச்.எல்.ஏ. வடிவங்களின் பொதுத் தரவுத்தளம் 1998 முதல் இலண்டனில், அன்ரனி நோலன் ஆராய்ச்சி நிலையத்தில் பேணப்பட்டு வருகின்றது. அதில் இன்று நாற்பதினாயிரத்திற்கும் மேற்பட்ட வடிவங்கள் பதிவாகியுள்ளன. இவை எல்லா மக்களிடமும் ஒரே அளவில் காணப்படுவதில்லை. தலைமுறை தலைமுறையாக ஒரே நிலப்பரப்பில் வாழ்ந்து, தமக்குள் மணம் செய்துகொண்ட மக்களிடம் குறிப்பிட்ட சில சேர்க்கைகள் மிகுந்து காணப்படும். ஆகவேதான் ஒரு தமிழ் நோயாளிக்குப் பொருத்தமானவர் தமிழரிடையே, அல்லது தென்னாசிய மக்களிடையே இருப்பதற்கான வாய்ப்பே அதிகமாகும்.

ஒரு தாய் தொடங்கிய பணி

இன்று உலகெங்கும் நான்கு கோடிக்கும் அதிகமான கொடையாளர் பதிவாகியுள்ளனர். இந்த முயற்சியின் முன்னோடிகளுள் ஒன்று இலண்டனிலே ஒரு தாயின் கண்ணீரில் தொடங்கியது. 1973 இல் வெஸ்ற்மினிஸ்ரர் சிறுவர் வைத்தியசாலையில் சைமன் பொஸ்ரிக் என்ற குழந்தைக்கு, உறவினர் அல்லாத ஒருவரின் மச்சை வெற்றிகரமாகச் செலுத்தப்பட்டது. இச்செய்தியை அறிந்த ஷேர்லி நோலன், பிறவியிலேயே நிர்ப்பீடனக் குறைபாடுடைய தமது மகன் அன்ரனிக்கும் அவ்வாறு வாழ்வு கிடைக்குமென நம்பினார். ஆனால் பொருத்தமான கொடையாளரைத் தேடுவதற்கு அன்று ஒழுங்கான பதிவேடு இருக்கவில்லை. 1974 இல் அவரே அதனை ஆரம்பித்தார்.

அன்ரனிக்குப் பொருத்தம் கிடைக்கவேயில்லை. 1979 இல், எட்டு வயதை எட்டுமுன்னரே அச்சிறுவன் இறந்துபோனான். தாய் பணியை நிறுத்தவில்லை. தன் பிள்ளையைக் காக்க இயலாத பதிவேடு ஊரார் பிள்ளைகள் பலரைக் காத்தது.

இதனையொத்த இன்னொரு வரலாறும் எமக்குப் பாடமாகும். தென் இலண்டனைச் சேர்ந்த டானியல் டி கேல் என்ற கறுப்பினச் சிறுவனுக்கு 1993 இல், ஆறு வயதில், லியூக்கேமியா கண்டறியப்பட்டது. அக்காலத்தில் பிரித்தானியப் பதிவேட்டிலிருந்த கறுப்பினத்தவர் சில நூறு பேரே. பெற்றோரான பெவர்லி டி கேலும் ஓரின் லூயிசும் 1996 இல் ஆபிரிக்க கரிபியன் லியூக்கேமியா அறநிதியத்தைத் தொடங்கி, தேவாலயங்களிலும் மண்டபங்களிலும் மக்களைத் திரட்டினர். 1999 இல் அமெரிக்காவிலிருந்த ஒரு பெண்ணின் மச்சை டானியலுக்குப் பொருந்தியது. உறவினரல்லாத கொடையாளரிடமிருந்து இச்சிகிச்சை பெற்ற முதலாவது பிரித்தானியக் கறுப்பினத்தவர் அவரேயாவார். 2008 இல் அவர் காலமானார். எனினும் அச்சிகிச்சை அவருக்கு மேலும் ஒன்பது ஆண்டுகளை வழங்கியது. ஒரு சமூகம் தனக்காகத் தானே எழுந்து நின்றால் என்ன நடக்கும் என்பதற்கு இது சான்று.

போர்வீரராகும் வெண்குழியங்கள்

தொடக்கத்தில் வைத்தியர்கள் மச்சை மாற்றத்தை ஒரு திருத்த வேலையாகவே கருதினர். கடும் மருந்து புற்றுநோயை அழிக்கும், புதிய மச்சை அழிந்த இடத்தை நிரப்பும் என்பதே அன்றைய எண்ணம். பின்னர் வேறொன்று புலனாயிற்று. ஒத்த இரட்டையரிடமிருந்து பெற்றவர்களுக்கு நோய் மீண்டும் வருவது அதிகமாகவும், சிறிது வேறுபட்ட ஒருவரிடமிருந்து பெற்றவர்களுக்குக் குறைவாகவும் இருந்தது. கொடையாளரின் ரி கலங்கள் நோயாளியின் உடலில் எஞ்சியிருந்த புற்றுக் கலங்களைத் தேடி அழித்தமையே இதன் காரணம்.

ஆனால் இதே ரி கலங்கள் நோயாளியின் தோல், ஈரல், குடல் ஆகியவற்றையும் அந்நியமெனக் கருதித் தாக்கக்கூடும். இது உயிரையே பறிக்கவல்லது. காப்பவனும் அவனே, அழிப்பவனும் அவனே என்ற நிலை. கொடையாளரின் ரி கலங்களை முற்றாக நீக்கினால் இத்தாக்குதல் குறையும். ஆனால் புற்றுநோய் திரும்பும். நீக்காவிட்டால் புற்றுநோய் அடங்கும். ஆனால் தாக்குதல் மூளும். இவ்விரண்டுக்கும் நடுவே பாதை காண்பதற்கான முயற்சியே இத்துறையின் அரைநூற்றாண்டு ஆராய்ச்சி எனலாம். பொருத்தம் இறுக்கமாக இருந்தால் அப்பாதை அகலமாகின்றது. பத்துப் பொருத்தத்தின் பெறுமதி இதுவே.

1990 இல் ஜேர்மனியின் மியூனிக் நகரைச் சேர்ந்த ஹான்ஸ் கோல்ப் குழுவினர் புதியதொரு முறையை அறிவித்தனர். மச்சை மாற்றத்தின் பின்னர் நோய் திரும்பியவர்களுக்கு, அதே கொடையாளரின் வெண்குழியங்களை மட்டும் மீண்டும் செலுத்தி நோயை அடக்கிக் காட்டினர். மருந்துக்குப் பதிலாகக் கலங்களையே மருந்தாக்கும் காலம் அவ்வாறு பிறந்தது.

இதன் அடுத்த படிகளில் இலண்டனுக்குச் சிறப்பிடம் உண்டு. கிறேற் ஓர்மன்ட் ஸ்றீற் சிறுவர் வைத்தியசாலையில் 2015 இல், மருந்துகள் யாவும் கைவிட்ட ஒரு பெண் குழந்தைக்கு, வேறொருவரின் ரி கலங்களைப் பரம்பரையலகு மட்டத்தில் திருத்திச் செலுத்தினர். பேராசிரியர் வசீம் காசிமின் குழுவினர் தயாரித்த அக்கலங்கள் குழந்தையின் உடலைத் தாக்காதவாறும், புற்றுக் கலங்களை மட்டும் தேடுமாறும் மாற்றப்பட்டிருந்தன. 2022 இல் அதே வைத்தியசாலையில், அதனினும் நுட்பமான முறையில் பரம்பரையலகின் எழுத்துக்களையே மாற்றியமைத்த கலங்கள் பதின்மூன்று வயதுச் சிறுமி ஒருத்திக்கு வழங்கப்பட்டன. உலகில் இச்சிகிச்சை பெற்ற முதலாவது நோயாளி அவளே.

இந்தியாவிலும் இத்துறை வளர்ந்து வருகின்றது. நோயாளியின் சொந்த ரி கலங்களையே பயிற்றுவிக்கும் சிகிச்சை ஒன்றை மும்பையின் இந்தியத் தொழில்நுட்பக் கழகமும் ராரா நினைவு வைத்தியசாலையும் இணைந்து உருவாக்கின. 2023 இல் அதற்கு அரச அனுமதி கிடைத்தது.

அப்படியாயின் இனிப் பொருத்தம் எதற்கு என்று சிலர் கேட்கக்கூடும். மேலே குறிப்பிட்ட இரு சிறுமியரின் கதையிலேயே விடை உண்டு. திருத்திய கலங்கள் புற்றுநோயைத் துடைத்தெடுத்த பின்னர், இருவருக்கும் மச்சை மாற்றம் செய்ய வேண்டியிருந்தது. புதிய கலங்கள் களத்தைச் சுத்தம் செய்தன; பயிரிடுவதற்குக் கொடையாளரின் மூலக்கலங்களே தேவைப்பட்டன.

சிதறிய குடும்பங்கள்

ஒரு தாய் தந்தைக்குப் பிறந்த இருவரிடையே முழுப் பொருத்தம் அமைவதற்கான வாய்ப்பு நான்கில் ஒன்று. ஒரேயொரு சகோதரம் இருந்தால் 25 சதவீதம். இருவர் இருந்தால் 44 சதவீதம். ஐவர் இருந்தால் 76 சதவீதம். முன்னர் ஊரில் ஐந்தாறு பிள்ளைகள் பிறந்த வீடுகளில் பொருத்தம் வீட்டுக்குள்ளேயே கிடைத்திருக்கும். இன்று இலண்டனிலும் ரொறொன்ரோவிலும் பிறக்கும் எமது பிள்ளைகளுக்குச் சகோதரம் ஒன்று அல்லது இரண்டு. வாய்ப்பு வீட்டுக்கு வெளியே தள்ளப்படுகின்றது.

பெரிய குடும்பங்களில் பிறந்த மூத்தோருக்கோ வேறொரு துயரம். அண்ணர் கனடாவில், தங்கை பிரான்சில், தம்பி யாழ்ப்பாணத்தில் என்று ஒரு வயிற்றுப் பிள்ளைகள் கண்டங்கள் எங்கும் பரந்து கிடக்கின்றனர். சிலரைப் போர் பறித்துக்கொண்டது. எஞ்சியோரின் இழைய வகையைச் சோதிப்பதும், பொருந்தியவரை அழைத்து வருவதும் கடிதங்களாலும் விசாக்களாலும் தாமதமடையக்கூடும். கடும் லியூக்கேமியாவோ காத்திருப்பதில்லை.

எனினும் இச்சிதறல் எமக்கொரு பலத்தையும் தந்துள்ளது. ஒவ்வொரு நாட்டின் பதிவேடும் ஏனைய நாடுகளின் பதிவேடுகளோடு இணைந்து இயங்குகின்றது. இலண்டனிலுள்ள நோயாளிக்காகத் தேடும்போது ஜேர்மனி, கனடா, இந்தியா ஆகிய நாடுகளின் கொடையாளரும் பார்வைக்கு வருகின்றனர். சென்னையில் 2009 இல் தொடங்கப்பட்ட தாத்ரி பதிவேட்டில் ஐந்து இலட்சத்திற்கும் மேற்பட்டோர் சேர்ந்துள்ளனர். 1986 முதல் மச்சை மாற்றம் செய்துவரும் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி வைத்தியசாலை தமிழ்நாட்டில் இத்துறைக்கு வழிகாட்டியது. ஆனால் கோடிக்கணக்கான மக்களைக் கொண்ட எமது இனத்திற்கு இவ்வெண்ணிக்கை போதாது. பரிசில் ஒரு தமிழ் இளைஞன் பதிவு செய்தால் அது மெல்பேணில் ஒரு தமிழ்த் தாய்க்குப் பயன்படக்கூடும்.

முழுப் பொருத்தம் கிடைக்காதோருக்கும் இன்று வழிகள் உண்டு. 1988 இல் பரிஸ் நகரின் சென் லூயி வைத்தியசாலையில் எலியான் குளுக்மன் முதன்முறையாகத் தொப்புள்கொடிக் குருதியைப் பயன்படுத்தினார். அதற்குப் பொருத்தம் அத்தனை இறுக்கமாக இருக்கவேண்டியதில்லை. பெற்றோர், பிள்ளைகள் போன்ற பாதிப் பொருத்தமுடைய உறவினரிடமிருந்து பெறும் முறையும் வளர்ந்துள்ளது. மூலக்கலம் செலுத்திச் சில நாட்களின் பின்னர் வழங்கப்படும் ஒரு மருந்து, தாக்க முனையும் ரி கலங்களை அடக்கிவிடுகின்றது. இவை பெரும் ஆறுதல். ஆயினும் எந்த வழி சிறந்தது என்பதை வைத்தியர் தெரிவு செய்ய வேண்டுமேயன்றி, வேறு வழியில்லாமையால் ஒன்றை ஏற்கும் நிலை எம்மவருக்கு வரலாகாது.

அச்சமும் உண்மையும்

எலும்பை வெட்டி எடுப்பார்கள், முள்ளந்தண்டில் ஊசி போடுவார்கள், பின்னர் பிள்ளைப்பேறு இராது, கலியாணச் சந்தையில் பெயர் கெடும் என்றெல்லாம் எம்மிடையே கதைகள் உலவுகின்றன. இவற்றில் உண்மையில்லை.

பதிவு செய்வதற்குக் கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக் குச்சியால் தடவி அனுப்பினாற் போதும். அதன் பின்னர் பெரும்பாலோர் அழைக்கப்படுவதே இல்லை. அழைக்கப்படுவோரிலும் பத்துக்கு ஒன்பது பேர் குருதியின் வழியாகவே மூலக்கலம் வழங்குகின்றனர். நான்கு நாட்கள் தோலின் கீழ் ஊசி ஏற்றப்படும். அது மூலக்கலங்களைப் பெருக்கி மச்சையிலிருந்து குருதிக்குள் இறங்கச் செய்யும். அந்நாட்களில் தடிமன் காய்ச்சல் வந்தாற்போல உடம்பு நோவும், தலையிடியும் ஏற்படலாம். ஐந்தாம் நாள் ஒரு கையிலிருந்து குருதி இயந்திரத்திற்குச் சென்று, மூலக்கலங்கள் பிரிக்கப்பட்டு, மறு கைவழியே திரும்புகின்றது. நான்கைந்து மணித்தியாலங்களில் வேலை முடிந்துவிடும்; சிலர் மறுநாளும் வரவேண்டியிருக்கும். எஞ்சிய பத்தில் ஒருவரிடமிருந்து மட்டுமே, மயக்க நிலையில் இடுப்பெலும்பின் பின்புறத்திலிருந்து மச்சை எடுக்கப்படுகின்றது. முள்ளந்தண்டை எவரும் தொடுவதில்லை. எடுத்த மச்சை சில கிழமைகளில் மீண்டும் ஊறிவிடும்.

இங்கு ஒரு கடமையையும் அழுத்திச் சொல்ல வேண்டும். பதிவு செய்தவர் மனம் மாறுவதற்கு உரிமை உண்டு. ஆனால் நாள் குறிக்கப்பட்ட பின்னர், மாற்றத்திற்கு முந்திய கிழமையில் நோயாளியின் மச்சையை மருந்துகளால் அழிக்கத் தொடங்கிவிடுவர். அதன் பின்னர் கொடையாளர் பின்வாங்கினால் நோயாளிக்கு மீட்சியில்லை. ஆகவே கூட்டத்தோடு கூட்டமாகப் பெயரைக் கொடுத்துவிட்டு, அழைப்பு வரும்போது வீட்டாரின் அச்சத்திற்குப் பணிந்து மறைந்துகொள்வது, பதியாமல் விடுவதைக் காட்டிலும் கொடிது. பதியுமுன்னரே பெற்றோருடனும் துணையுடனும் பேசித் தெளிதல் வேண்டும். முகவரியும் தொலைபேசி இலக்கமும் மாறும்போது அறிவித்தலும் வேண்டும். அடிக்கடி வீடு மாறும் எமது சமூகத்தில் இச்சிறு கவனயீனமே ஓர் உயிரை இழக்கச் செய்யக்கூடும்.

பிரித்தானியாவில் அன்ரனி நோலன் பதிவேட்டில் 16 முதல் 30 வயது வரையிலும், டி.கே.எம்.எஸ். பதிவேட்டில் 17 முதல் 55 வயது வரையிலும் சேரலாம். கனடாவிலும் பிரான்சிலும் 35 வயது வரை இடமுண்டு. இளையோரின் கலங்களே சிறந்த பலனைத் தருவதனால் வைத்தியர் இளையோரையே முதலில் நாடுகின்றனர். இதற்குப் பணம் எதுவும் கொடுக்கப்படுவதில்லை. செலவுகள் மட்டும் ஈடுசெய்யப்படும். யாருக்குக் கொடுத்தோம் என்பதும் குறைந்தது இரண்டு ஆண்டுகளுக்கு வெளியிடப்படமாட்டாது.

எமது சமூகத்தில் புற்றுநோயை மூடிமறைக்கும் வழக்கமும் இத்தேடலுக்குத் தடையாக நிற்கின்றது. நோய் வந்ததை அயலவர் அறியக்கூடாதென ஒளிக்கும் குடும்பம், அயலவரிடம் கொடை கேட்பது எவ்வாறு? கோவில் திருவிழாக்கள், தேவாலய ஒன்றுகூடல்கள், தமிழ்ப் பாடசாலைகளின் விளையாட்டுப் போட்டிகள், பழைய மாணவர் சங்கக் கூட்டங்கள் ஆகிய எல்லாவற்றிலும் எமது இளைஞர்கள் திரள்கின்றனர். ஒவ்வொன்றிலும் ஒரு மேசை, சில பஞ்சுக் குச்சிகள், விளக்கிச் சொல்லத் தமிழும் ஆங்கிலமும் தெரிந்த இருவர் இருந்தாற் போதும். அன்னதானத்திற்கும் இரத்ததானத்திற்கும் முன்னிற்கும் எமது மக்கள் இதற்கும் முன்வருவர் என்பதில் ஐயமில்லை.

தான் ஆடாவிட்டாலும் தன் தசை ஆடும் என்பர் எமது முன்னோர். ஊரும் பெயரும் தெரியாத ஒருவருக்காக எம் என்பினுள் ஊறும் மச்சை ஓர் உயிரைத் தாங்கி நிற்குமானால், அதனினும் நெருங்கிய உறவு வேறெது?